மழை, வெள்ளம், புகைமூட்டம்: நம்ம ஊரு கணக்கை கவர்மெண்ட்கிட்டேருந்து எடுக்கிற வழி

நான் இருக்கிறது மலேசியா, ஜொகூர் மாநிலம், சிகாமட் மாவட்டத்துல ஒரு தோட்டத்து டவுன். தாமானுக்கு (குடியிருப்புக்கு) பின்னாடி சின்ன சுங்கை, அதாவது ஆறு, ஓடுது, அதைத் தாண்டுனா செம்பனைதான். 2023 மார்ச்ல ஜொகூர் பூரா தண்ணி ஏறுனது ஞாபகம் இருக்கும், எங்க வீட்டுல பிரிட்ஜ் மிதந்துச்சு. அதுக்கப்புறம் தாமான் கமிட்டியில எல்லாரும் சேர்ந்து "பெரிய லோங்காங் (வடிகால்) கட்டித் தாங்க"ன்னு ஒரு கடுதாசி எழுதி கவர்மெண்ட் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போனோம். கவுண்டர்ல இருந்தவரு படிச்சுப் பாத்துட்டு ரொம்ப மரியாதையா ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, "டேட்டா அடா?", கணக்கு இருக்கான்னு. அவ்ளோதான், அஞ்சு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னோம். எத்தனை தடவ தண்ணி வந்துச்சு, எவ்ளோ மழை பேஞ்சுச்சு, முன்ன விட இப்ப அதிகமா, ஒண்ணுக்கும் எங்ககிட்ட நம்பர் இல்ல, போன்ல போட்டோதான் இருந்துச்சு.

அதுக்கப்புறம் நாலு மாசம் நான் அலைஞ்சதுல கத்துக்கிட்டதுதான் இது. தாமான் கமிட்டியோ, யூனிவர்சிட்டி புராஜெக்ட் பண்ற தம்பி தங்கச்சியோ, கோயில் நிலத்துல தண்ணி நிக்குதுன்னு மனு போடுறவங்களோ, யாரா இருந்தாலும் இதே வழிதான். கம்ப்யூட்டர் படிப்பு ஒண்ணும் வேணாம், எக்செல் திறக்கத் தெரிஞ்சா போதும்.

1. கேள்விய மொதல்ல பேப்பர்ல எழுதுங்க

இத ஸ்கிப் பண்ணிட்டு நேரா கூகுள் பண்ணப் போனதாலதான் எனக்கு மொத மாசம் வீணாப் போச்சு. "கிளைமேட் சேஞ்ச் டேட்டா வேணும்"னு கேட்டா உலகத்துல இருக்கிற எல்லாமே வரும், உங்களுக்கு வேண்டியது மட்டும் வராது. நாலு விஷயத்த எழுதிக்குங்க: என்ன அளவு வேணும் (மழையா, ஆத்து மட்டமா, காத்துத் தரமா, சூடா), எந்த இடம், எந்த தேதிலேருந்து எந்த தேதி வரை, மணிக்கணக்கா நாள்கணக்கா மாசக்கணக்கா.

இடம்னா ஊரு பேரு மட்டும் பத்தாது, அட்சரேகை தீர்க்கரேகை எடுத்து வச்சுக்குங்க. கூகுள் மேப்ல உங்க வீட்டு மேல விரல அழுத்திப் புடிச்சா ரெண்டு நம்பர் வரும். சிகாமட் டவுன்னா சுமாரா வடக்கு 2.5, கிழக்கு 102.8. இந்த ரெண்டையும் மாத்திப் போட்டா சில சைட் எரர் காட்டும், சிலது எரர் காட்டாம வேற எங்கியோ இருக்கிற மழையக் குடுத்துரும், அதனால சின்ன நம்பர்தான் வடக்குன்னு மனசுல வச்சுக்குங்க.

தேதியிலயும் ஒரு விஷயம். நம்ம வடகிழக்குப் பருவமழை நவம்பர்ல ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் போகுது. ஜொகூர்ல பெரிய வெள்ளம் 2006 டிசம்பர்ல ஒரு தடவ, 2007 ஜனவரியில மறுபடி ஒரு தடவ வந்துச்சு, ரெண்டும் ஒரே மழைக்காலம். நீங்க ஜனவரி டு டிசம்பர்னு கூட்டுனா ஒரே சீசன் ரெண்டு வருஷமா பிரிஞ்சு ரெண்டுமே சாதாரண வருஷம் மாதிரி தெரிஞ்சிரும். ஜூலைலேருந்து அடுத்த ஜூன் வரைன்னு ஒரு வருஷமா எடுத்துக்குங்க.

2. எது யாருகிட்ட இருக்குன்னு தெரிஞ்சுக்குங்க

நான் மழைக்கணக்கு கேட்டு போன் பண்ணாத இடம் இல்ல, கடைசியில பாத்தா ஒரே மழைய ரெண்டு டிபார்ட்மெண்ட் தனித்தனியா அளக்குது.

மெட் மலேசியா, அதாவது ஜபாத்தான் மெத்தியோரோலோஜி, தலைமை ஆபீஸ் பெட்டாலிங் ஜெயாவுல. சூடு, ஈரப்பதம், காத்து, மழை எல்லாம் இவங்க. ஆனா ஆள் போட்டு அளக்குற பெரிய ஸ்டேஷன் ஊருக்கு ஊரு கிடையாது, ஜொகூர்ல குளுவாங், பத்து பகாட், மெர்சிங், செனாய் அந்த மாதிரி இடத்துலதான்.

ஜேபிஎஸ், தண்ணி வடிகால் டிபார்ட்மெண்ட். ஆத்து மட்டம் பூரா இவங்க. மழையும் இவங்க நிறைய இடத்துல அளக்குறாங்க, தோட்டம், ஸ்கூல், பாலத்தடின்னு, அதனால நம்ம மாதிரி சின்ன ஊருக்கு இவங்க ஸ்டேஷன்தான் பக்கத்துல இருக்கும். வெள்ளம்னா மொதல்ல இவங்ககிட்ட போங்க.

ஜபாத்தான் ஆலாம் செக்கித்தார், அதாவது சுற்றுச்சூழல் டிபார்ட்மெண்ட்கிட்ட காத்து மாசு, ஆத்துத் தண்ணி தரம். புள்ளிவிவர டிபார்ட்மெண்ட்கிட்ட, டோஸ்ம்னு சொல்வாங்க, எல்லா டிபார்ட்மெண்ட் கணக்கையும் சேத்து மாநிலவாரியா போட்ட அட்டவணை. சமூக நல டிபார்ட்மெண்ட் ஜேகேஎம்கிட்ட வெள்ள நிவாரண மையத்துல எத்தனை பேருன்னு. செம்பனை விளைச்சல்னா எம்பிஓபி, மலேசிய செம்பனை வாரியம். செரி கெம்பாங்கான்ல நாஹ்ரிம்னு ஒரு தண்ணி ஆராய்ச்சி நிலையம் இருக்கு, வரப்போற வருஷங்கள்ல மழை எப்படி மாறும்ங்கிற கணிப்பு அவங்க வேலை, ஆனா லோங்காங் மனுவுக்கு அது வேணாம், நடந்து முடிஞ்ச கணக்கே போதும்.

3. காசு இல்லாம இன்னிக்கே எடுக்கக்கூடியது

டேட்டா டாட் கவ் டாட் மை. அரசாங்கத்தோட திறந்த தரவு சைட் இது, ரெஜிஸ்டர் பண்ண வேணாம், ஐசி நம்பர் கேக்காது. மலாய், இங்கிலீஷ் ரெண்டுலயும் இருக்கு. சுற்றுச்சூழல் பகுதிக்குப் போய்ப் பாருங்க, காத்து மாசு, ஆறு மாசு, காட்டுப் பரப்பு, பசுமைக்குடில் வாயு இப்படி இருக்கும். டவுன்லோட் பண்ணும்போது ரெண்டு விதமா குடுக்கும், சிஎஸ்வி ஒண்ணு, பார்கே ஒண்ணு. சிஎஸ்விய எடுங்க. பார்கேய எக்செல்ல திறக்க முயற்சி பண்ணி லேப்டாப் கெட்டுப்போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போன ஒருத்தர எனக்குத் தெரியும், அது நான்தான்.

அங்க வானிலை ஏபிஐன்னு, கேட்டா கணக்கத் தானா அனுப்புற ஒரு வசதியும் இருக்கு. புதுசா வர்றவங்க எல்லாரும் விழுற குழி இது. ஊரு பேரு போட்டவுடனே அழகா ஏழு நாளு குடுக்கும், காலையில "தியாடா ஹூஜான்" (மழை இல்ல), சாயங்காலம் "ரிபுட் பெத்திர்" (இடி மழை)னு, பாத்தவுடனே ஆஹா கெடச்சிருச்சுன்னு தோணும். அது முன்னறிவிப்பு! என்ன பெய்யும்னு சொன்னது, என்ன பேஞ்சுச்சுன்னு இல்ல. இத மாசக்கணக்கா சேத்து வச்சு "மழை டேட்டா"ன்னு ரிப்போர்ட்ல போட்டா தெரிஞ்சவங்க மொத பக்கத்துலயே மூடி வச்சிருவாங்க.

டோஸ்ம் சைட்ல வருஷா வருஷம் சுற்றுச்சூழல் புள்ளிவிவரத் தொகுப்புன்னு ஒரு புத்தகம் வருது, கொம்பெண்டியும்னு தேடுங்க. டவுன்லோட் பண்ண அக்கவுண்ட் கேட்டா தொறந்துக்குங்க, காசு இல்ல. பிடிஎஃப்பும் எக்செல்லும் சேந்து வந்தா எக்செல்லயே எடுங்க, பிடிஎஃப்லேருந்து நம்பர் காப்பி பண்ணா கட்டம் பூரா கலைஞ்சு போயிரும்.

அதே டோஸ்ம் வெள்ள பாதிப்புக்குன்னு தனி அறிக்கை போடுறாங்க. நாடு பூரா நஷ்டம் 2021-க்கு 6.1 பில்லியன் வெள்ளி, 2022-க்கு 622.4 மில்லியன், 2023-க்கு 755.4 மில்லியன். வீடு, வண்டி, கடை, விவசாயம்னு பிரிச்சிருப்பாங்க. மனுவுல மொத பத்தியில போடுறதுக்கு இந்த மாதிரி நம்பர் ஒண்ணு ரெண்டு நல்லது, ஆனா அதோட நிக்காதீங்க, ஏன்னா நாட்டுக் கணக்கு உங்க லோங்காங்கப் பத்தி ஒண்ணும் சொல்லாது.

4. ஓடிக்கிட்டு இருக்கிற கணக்கை அன்னிக்கே புடிச்சு வைங்க

நான் செஞ்ச பெரிய தப்பு இதுதான், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

ஜேபிஎஸ்ஸோட பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் சைட்ல மாநிலத்தத் தேர்ந்தெடுத்தா ஒவ்வொரு ஆத்து ஸ்டேஷனும், மழை ஸ்டேஷனும் வரிசையா வரும். ஆத்துக்கு நாலு நிலை: நார்மல், வஸ்பாடா (உஷார்), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து). மழைக்கு ஒரு மணி நேரக் கணக்கு: 1 முதல் 10 மில்லிமீட்டர் லேசு, 11 முதல் 30 நடுத்தரம், 31 முதல் 60 கனமழை, 60-க்கு மேல மிகக் கனமழை. ரொம்ப நல்ல சைட். ஆனா அதுல தெரியறது இப்ப நடக்குறதும் பின்னாடி சில நாளும்தான். வெள்ளம் வடிஞ்சு, வீடு கழுவி, பொருளக் காயப் போட்டு, ரெண்டு வாரம் கழிச்சு நான் உக்காந்து பாத்தா எங்க ஸ்டேஷன்ல பச்சை லைட்டு எரியுது, நார்மல்னு காட்டுது. அந்த ராத்திரி கணக்கு ஸ்க்ரீன்ல இல்ல. அழிஞ்சு போகல, டிபார்ட்மெண்ட்கிட்ட இருக்கும், ஆனா இனிமே எழுதிப் போட்டுக் காத்திருந்துதான் வாங்கணும்.

அதனால மழை புடிச்சவுடனே கமிட்டியில ஒரு பொண்ணுக்கோ பையனுக்கோ இந்த வேலையக் குடுத்துருங்க: மணிக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட், தேதி நேரம் தெரியிற மாதிரி, ஸ்டேஷன் பேரும் நம்பரும் சேத்து. வாட்ஸ்அப் குரூப்ல போட்டா போதும்னு நெனைக்காதீங்க, குட் மார்னிங் படத்துக்கு அடியில காணாமப் போயிரும், தனி ஃபோல்டர்ல போடுங்க. நிவாரண மையத்துல எத்தனை பேருன்னு ஜேகேஎம்மோட இன்ஃபோபென்சானா சைட்ல வரும், அதுவும் அப்பப்ப மாறுறது, அதையும் புடிச்சு வைங்க.

ஆத்து மட்டத்தப் பாத்து ஏமாறாதீங்க. அது பெரும்பாலும் கடல் மட்டத்துலேருந்து எண்ணுற அளவு, ஆத்து ஆழம் இல்ல. நம்ம கமிட்டி கடுதாசியில மொதல்ல "ஆறு இத்தனை மீட்டர் ஆழத்துக்கு ஏறியது"ன்னு எழுதிட்டோம், அவ்ளோ ஆழம் இருந்தா மாரியம்மன் கோயில் கோபுரமே தெரிஞ்சிருக்காது. பஹாயா மட்டத்துக்கு மேல எத்தனை மீட்டர், எத்தனை மணி நேரம் அப்படி நின்னுச்சு, இப்படி எழுதுங்க.

புகைமூட்டத்துக்கும் இதே கததான். சுற்றுச்சூழல் டிபார்ட்மெண்ட்டோட ஆப்பிம்ஸ்னு சைட், மணிக்கணக்கா ஐபியு, அதாவது காத்து மாசுக் குறியீட்டு நம்பர் வரும். 50 வரைக்கும் நல்லது, 100 வரைக்கும் நடுத்தரம், 200 வரைக்கும் ஆரோக்கியம் இல்ல, 300 வரைக்கும் ரொம்ப மோசம், அதுக்கு மேல ஆபத்து. சிகாமட்லயே ஒரு ஸ்டேஷன் இருக்கு. ஒண்ணு மட்டும்: 2018-க்கு முன்னாடி நம்பரையும் அப்புறம் வந்த நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு "கூடிருச்சு, கொறஞ்சிருச்சு"ன்னு பேசாதீங்க. முன்ன பிஎம் 10 தூசிய வச்சு கணக்குப் போட்டாங்க, 2018-லேருந்து அதை விட பொடியான பிஎம் 2.5-யும் சேத்துட்டாங்க. 2013 ஜூன் 23 காலையில மூவார்ல 746 போச்சே, அது பழைய கணக்கு.

5. வெளிநாட்டு அரசாங்க சைட், இலவசம்தான்

நம்ம ஊருக்கு நீளமா, முப்பது வருஷக் கணக்கு உடனே வேணும்னா இங்க போங்க. கடுதாசி எழுதிக் காத்திருக்கிற நேரத்துல இத வச்சு வேலைய ஆரம்பிச்சிரலாம்.

நாசா பவர்: மேப்ல இடத்தக் குத்தி, தேதி போட்டு, மழையும் சூடும் டிக் பண்ணா சிஎஸ்வி வந்துரும். 1981-லேருந்து இருக்கு, அக்கவுண்ட் வேணாம். ஆனா இது உங்க ஊருல பாத்திரம் வச்சு அளந்தது இல்ல, சாட்டிலைட்டும் கம்ப்யூட்டர் மாடலும் சேந்து போட்ட கணக்கு, ஒரு கட்டம் அம்பது அறுபது கிலோமீட்டர் அகலம். உங்க தாமானும் பக்கத்து டவுனும் மலையும் ஒரே கட்டத்துல வந்துரும், அதனால ஒரு நாள் பேஞ்ச பேய் மழையக் குறைச்சுக் காட்டலாம். மாசக் கூட்டல், வருஷ ஒப்பீடு, அதுக்கு நல்லது. இன்னும் சின்ன கட்டமா வேணும்னா சிர்ப்ஸ்னு ஒண்ணு இருக்கு, அமெரிக்க புவியியல் ஆய்வுத் துறையும் கலிபோர்னியா யூனிவர்சிட்டியும் சேந்து போடுறது, அது அஞ்சு கிலோமீட்டர் சொச்சம், அதுவும் 1981-லேருந்து.

அமெரிக்காவோட நோவா (அவங்க வானிலை, கடல் ஆய்வு நிறுவனம்): இது நெசமாவே ஸ்டேஷன்ல அளந்த நம்பர், நம்ம நாட்டு ஸ்டேஷன் உலகத்துக்கு அனுப்புறதுதான் அங்க போய் சேருது. குளுவாங் 48672, பத்து பகாட் 48670, மெர்சிங் 48674. ஃபைல் பேருல இந்த நம்பர் பின்னாடி ஒரு சைபரும் அஞ்சு ஒன்பதும் ஒட்டியிருக்கும், பயப்படாதீங்க. தினசரி சுருக்கம்ங்கிற ஃபைல்ல சூடு பாரன்ஹீட்ல, மழை இஞ்சுல, காத்து நாட்ல இருக்கும். அதை விட முக்கியம், மழை அளக்காத நாளுக்கு 99.99-ன்னு போட்டிருப்பாங்க. நான் அதப் பாக்காம இஞ்ச 25.4-ஆல பெருக்கி, ஒரே நாள்ல 2540 மில்லிமீட்டர் மழைன்னு கிராஃப் போட்டு கமிட்டி மீட்டிங்ல காட்டிட்டேன். நம்ம பக்கத்துல ஒரு வருஷம் பூரா பெய்யறதே ஏறக்குறைய அவ்ளோதான். தலைவர் அண்ணன் "பரவால்ல தம்பி, நோவா காலத்து மழையா இருக்கும்"னாரு. சூட்டுக்கு 9999.9 போட்டிருப்பாங்க, நாசாவுல -999 போட்டிருப்பாங்க. ஃபைல் திறந்தவுடனே மொத வேலை இந்த நம்பர தேடி காலியாக்குறது, அப்புறம்தான் கூட்டல் கழித்தல்.

காடு எரியிறது, புகை எங்கேருந்து வருதுன்னா நாசாவோட ஃபர்ம்ஸ். தீப்புள்ளி ஒவ்வொண்ணும் வரும், பழைய கணக்கு வேணும்னா ஈமெயில் குடுத்தா லிங்க் அனுப்புவாங்க. ஒரு புள்ளின்னா 375 மீட்டர் கட்டத்துல சூடு தெரிஞ்சுச்சுன்னு அர்த்தம், தீ எவ்ளோ பெருசுன்னு இல்ல, மேகம் மூடியிருந்தா தெரியவே தெரியாது.

6. கடுதாசி: என்ன எழுதணும், என்ன ஒட்டணும்

இப்ப அசலு ஸ்டேஷன் கணக்கு, நாள்வாரியா மணிவாரியா. மெட் மலேசியாவுக்கும் ஜேபிஎஸ்ஸுக்கும் விண்ணப்பம் போடணும். ஜேபிஎஸ்ல நீரியல் பிரிவு அம்பாங்ல இருக்கு. சிகாமட்லேருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர், நேர்ல போகாதீங்க, பெட்ரோலும் டோலும் லீவும்தான் வீண், ஈமெயில்லயே முடியும். மொதல்ல சைட்ல போராங் (படிவம்) இருக்கான்னு பாத்து அதையே நிரப்புங்க.

கடுதாசி மலாய்ல எழுதுங்க. தலைப்புல "பெர்மோஹோனான் டேட்டா ஹூஜான்"னு (மழை டேட்டா விண்ணப்பம்) போட்டு ஸ்டேஷன் பேரையும் வருஷத்தையும் தலைப்புலயே சேத்துருங்க, அப்பதான் அது சரியான மேசைக்குப் போகும். உள்ள இருக்க வேண்டியது: நீங்க யாரு, எதுக்கு வேணும், ஸ்டேஷன் நம்பர், என்ன அளவு, எத்தனை மணிக்கு ஒண்ணு, எந்த தேதிலேருந்து எந்த தேதி, எக்செல்லா சிஎஸ்வியா. ஸ்டேஷன் நம்பர இன்ஃபோபஞ்சிர்லேருந்தே எடுக்கலாம். ஒரு ஸ்டேஷன் மட்டும் எழுதாதீங்க, பக்கத்துல இருக்கிற ரெண்டு மூணு ஸ்டேஷன் எழுதி "இதுல எது முழுசா இருக்கோ அது"ன்னு போடுங்க. நான் ஒரே ஒரு ஸ்டேஷன் போட்டு ஒரு ஆபீஸுக்கு அனுப்பி ஏழு வாரம் காத்திருந்தேன், பதில் வந்துச்சு, நான் கேட்ட வருஷத்துல அந்தக் கருவி ரிப்பேராம். மறுபடி மொதல்லேருந்து.

கூட வைக்க வேண்டியது: ஐசி காப்பி, கமிட்டி லெட்டர்ஹெட்ல தலைவர் கையெழுத்தும் சாப்பும் (முத்திரையும்), சங்கம் ரெஜிஸ்டர் பண்ணியிருந்தா அந்த சர்டிபிகேட் காப்பி, இடத்தக் காட்டுற ஒரு மேப். ஸ்டூடெண்ட்னா யூனிவர்சிட்டி லெட்டர், சூப்பர்வைசர் கையெழுத்தோட, புராஜெக்ட் தலைப்பு அதுல இருக்கணும். சாப் இல்லாத கடுதாசி நம்ம நாட்டுல கடுதாசியே இல்ல, தெரியும்ல. எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப்பா ஸ்கேன் பண்ணுங்க, போன்ல எடுத்த சாய்ஞ்ச போட்டோ ஏழு அட்டாச்மெண்ட்டா போனா திருப்பி அனுப்பிருவாங்க.

கையெழுத்து போடச் சொல்ற நிபந்தனையப் படிச்சுப் பாருங்க. வாங்குற டேட்டாவ சொன்ன காரியத்துக்கு மட்டும்தான் பயன்படுத்தணும், வேற ஆளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு இருக்கும். அப்ப அந்த எக்செல்ல வாட்ஸ்அப் குரூப்ல தட்டி விடாதீங்க, நீங்க போட்ட கிராஃபும் கூட்டலும் ரிப்போர்ட்ல போடலாம், மூல ஃபைல் உங்க கையில.

7. காசும் நாளும்

மூணு, நாலு, அஞ்சுல சொன்னது எல்லாம் இலவசம். காசு வர்றது கடுதாசி எழுதி வாங்குற பழைய ஸ்டேஷன் கணக்குக்குத்தான், எத்தனை ஸ்டேஷன், எத்தனை அளவு, எத்தனை வருஷம்ங்கிறத வச்சு ஏறும். அதனால "முப்பது வருஷம், மணிக்கணக்கா, எல்லாம் குடுங்க"ன்னு கேக்காதீங்க. மொதல்ல செபுட் ஹார்கா, அதாவது எவ்ளோ ஆகும்னு விலைக்குறிப்பு, கேளுங்க, அதப் பாத்துட்டு குறைச்சுக்கலாம். நாங்க பண்ணது, முப்பது வருஷத்துக்கு மாசக் கூட்டல் மட்டும், மணிக்கணக்கு வெள்ளம் வந்த அந்தந்த வாரத்துக்கு மட்டும், 2011 ஜனவரி கடைசியில சீனப் பெருநாள் சமயம் வந்ததும் 2023 மார்ச்ல வந்ததும். ஸ்டூடெண்ட்னா கட்டணத்துல சலுகை உண்டான்னு மொத ஈமெயில்லயே கேட்டுருங்க, பில்லு வந்தப்புறம் கேட்டா திரும்ப மாத்துறது கஷ்டம்.

எங்களுக்கு போட்டோஸ்டெட், பைண்டிங், சாப் செய்யிற செலவு எல்லாம் சேத்து நூறு வெள்ளிக்குள்ள முடிஞ்சிருச்சு. அலைச்சல் பெட்ரோல்தான் அதை விட ஜாஸ்தி.

நாளுன்னா, ரெண்டு மாசம் ஒதுக்கி வைங்க. நோன்புப் பெருநாள், சீனப் பெருநாள், தீபாவளி பக்கத்துல அனுப்பாதீங்க, இன்பாக்ஸ் அடியில போயிரும். மழைக்காலம் நடக்கும்போதும் அனுப்பாதீங்க, அப்ப அவங்களே ராத்திரி பகலா வெள்ளத்தப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஏப்ரல்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் நல்ல நேரம். ரெண்டு வாரம் பதில் இல்லன்னா போன் பண்ணுங்க, கடுதாசி நம்பர் சொல்லிக் கேளுங்க, கோவப்படாம. போன எடுக்குற அக்கா பேரக் கேட்டு எழுதி வைங்க, அடுத்த தடவ அவங்களையே கேக்கலாம்.

8. ஃபைல் வந்தாச்சு, இப்ப ஏமாறாம இருக்கணும்

நாளுன்னா எந்த மணிலேருந்து எந்த மணி? இது என்னை ஒரு வாரம் தூங்க விடல. வானிலைக் கணக்குல மழை நாள் வழக்கமா காலையில 8 மணிலேருந்து மறுநாள் காலையில 8 மணி வரை. இன்ஃபோபஞ்சிர்ல ராத்திரி 12-லேருந்துன்னு ஒரு கட்டம் இருக்கும். வெளிநாட்டு ஃபைல் சிலது உலக நேரத்துல இருக்கும், நம்ம நேரத்துக்கு 8 மணி நேரம் பின்னாடி. விடியக்காலை 3 மணிக்குப் பேஞ்ச ஒரே மழை ஒரு ஃபைல்ல ஒரு தேதியிலயும் இன்னொரு ஃபைல்ல வேற தேதியிலயும் விழும், நீங்க "டேட்டா தப்பு"ன்னு நெனைப்பீங்க. ஃபைலோட வந்த குறிப்பப் படிச்சு ஒவ்வொரு ஷீட்டு மேலயும் எந்த நேரம்னு எழுதி வைங்க.

எக்செல் தேதியத் திருப்பிரும். 03/04 மார்ச் நாலா ஏப்ரல் மூணான்னு கம்ப்யூட்டர் செட்டிங்ஸப் பொறுத்து மாறும், 12-க்கு மேல உள்ள தேதி மட்டும் சரியா நிக்கும், அதனால பாதி சரி பாதி தப்பா ஆயிரும், கண்டுபுடிக்கவே முடியாது. மூல ஃபைல தொடாம ஒரு காப்பி எடுத்து அதுல வேலை பாருங்க.

மழை மைனஸ்ல வராது. மைனஸ் நம்பர் இருந்தா அது ஏதோ குறியீடு, அடிக்குறிப்புல பாருங்க. காலி கட்டம் சைபர் இல்ல, அளக்கலன்னு அர்த்தம். சைபர்னா மழை இல்லன்னு அர்த்தம். இத ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா மழை குறைஞ்சிருச்சுன்னு வரும், உங்க மனுவ நீங்களே அடிச்சுக்குற மாதிரி.

ரெண்டு வருஷத்த ஒப்பிட்டு பருவநிலை மாறிருச்சுன்னு எழுதாதீங்க. உலகத்துல வழக்கம் முப்பது வருஷ சராசரி, இப்ப 1991-லேருந்து 2020 வரைக்கும் எடுக்குறாங்க. அதுல எல் நினோ வருஷமும் கலந்திருக்கும், 1997-98, 2015-16 மாதிரி வறட்சி வருஷம், சுப்பிங்ல 1998 ஏப்ரல் 9 அன்னிக்கு 40.1 டிகிரி போனது அப்பதான். நீங்க ஆரம்பிக்கிற வருஷம் அந்த மாதிரி காஞ்ச வருஷமா இருந்தா அப்புறம் வர்றது எல்லாம் "கூடுற" மாதிரி தெரியும். ஆரம்ப வருஷத்த மாத்தி ரெண்டு மூணு தடவ போட்டுப் பாருங்க, அப்பவும் அதே பக்கம் சாஞ்சா எழுதுங்க.

9. தோட்டத்து மழை புத்தகத்த மறக்காதீங்க

இது கவர்மெண்ட் டேட்டா இல்லதான், ஆனா எங்களக் காப்பாத்துனது இதுதான். பழைய தோட்டத்து ஆபீஸ் முன்னாடி மழை அளக்குற குழாய் இருக்கும், பால் வெட்டு இருக்கா இல்லையான்னு மழையப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க, அதனால தினமும் காலையில எழுதுவாங்க. எங்க கிராணி (தோட்டத்து ஆபீஸ் கிளார்க்) மாமா ரிட்டயர் ஆகும்போது பத்து வருஷப் புத்தகத்த வீட்டுக்கு எடுத்துட்டு வந்து வச்சிருந்தாரு. கேட்டவுடனே "இத்தனை வருஷமா இதக் கேக்க ஒருத்தனும் வரலையேடா"ன்னு சொல்லிக்கிட்டே தூசியத் தட்டிக் குடுத்தாரு.

அதுல ஒரு வேடிக்கை. ஒவ்வொரு தீபாவளிக்கும் மழை சைபர், மறுநாள் பலத்த மழை. எத்தனை வருஷம் பாத்தாலும் அப்படியே. மாமாகிட்ட கேட்டேன், சிரிச்சுட்டு சொன்னாரு, "தீபாவளி அன்னிக்கு எவன்டா காலையில குழாயப் போய் பாப்பான், மறுநாளு ரெண்டு நாள் தண்ணியும் சேத்து ஊத்தி அளந்தோம்." அதனால லீவு நாளுக்கு அடுத்த நாள் நம்பரத் தனியா நம்பாதீங்க, மாசக் கூட்டல்ல ஒண்ணும் கெடாது. பழைய பக்கம் இஞ்சுல இருக்கும், 25.4-ஆல பெருக்கிக்குங்க. ஜேபிஎஸ் கணக்கும் புத்தகமும் ஒரே நாள்ல ஏறி ஒரே நாள்ல இறங்குனா ரெண்டையும் ஒரே கிராஃப்ல போடுங்க, கவுண்டர்ல இருக்கிறவங்க அதத்தான் ரொம்ப நேரம் பாத்தாங்க.

தோட்டத்து ஆபீஸ்ல நேரா கேக்கப் போனா மேனேஜர் அனுமதி வேணும், புத்தகத்த வெளிய எடுக்க விட மாட்டாங்க, போன்ல போட்டோ எடுத்துக்கலாமான்னு கேளுங்க.

10. குடுக்கும்போது

ரெண்டு பக்கத்துக்கு மேல வேணாம். ஒரு பக்கம் கடுதாசி, ஒரு பக்கம் ஒரே ஒரு கிராஃபும் ஒரு சின்ன அட்டவணையும்: தேதி, அந்த நாள் மழை, ஆறு பஹாயாவுக்கு மேல எத்தனை மணி நேரம், எத்தனை வீடு. ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்துலயும் எந்த டிபார்ட்மெண்ட், எந்த ஸ்டேஷன், என்னிக்கு எடுத்ததுன்னு. டேட்டா டாட் கவ் டாட் மை கணக்க யாரு வேணா பயன்படுத்தலாம், ஆனா எங்கேருந்து எடுத்தோம்னு போட்டே ஆகணும். மத்ததெல்லாம் பின்னாடி இணைப்பா வைங்க.

மூணு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ணு கவுண்டருக்கு, ஒண்ணு உங்க வட்டார கவுன்சிலருக்கு, மூணாவது உங்களுக்கு. அந்த மூணாவதுல "தெரிமா" (வாங்கிக்கிட்டோம்) சாப்பும் தேதியும் போட்டுக் குடுத்தாதான் எடத்த விட்டு நகருங்க, சாப் மேசையில இருக்கிறவங்க மக்கானுக்குப் போயிருந்தா ரெண்டு மணி வரைக்கும் அங்கேயே உக்காந்திருங்க.